கருங்குளத்துப் பிள்ளைகள்: கார்க் நகரின் க்ளென் ரோவர்ஸ் சங்கம்

தாமிரபரணிக் கரையில் கருங்குளம் என்றொரு ஊர் உண்டு. அதே பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உள்ளன. நீர் கருத்துத் தோன்றும் குளத்தைக் கொண்டே ஊரை அழைப்பது எல்லா மொழியினர்க்கும் இயல்பு போலும். அயர்லாந்தின் தலைநகரான டப்ளின், ஐரிஷ் மொழியில் கருமையைக் குறிக்கும் 'டுவ்', குளத்தைக் குறிக்கும் 'லின்' ஆகிய இரு சொற்களால் அமைந்த பெயரே. அந்நாட்டின் தென்பகுதியில் லீ ஆற்றின் மேல் அமைந்த கார்க் நகரிலும் ஒரு கருங்குளம் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அதனை 'அன் லின் டுவ்' என்பர், ஆங்கிலத்தில் பிளாக்பூல். நகரின் வடபுறக் குன்றுகளுக்கிடையே பள்ளத்தில் கிடக்கும் உழைப்பாளர் குடியிருப்பு அது. தோல் பதனிடும் கூடங்கள், சாராய வடிசாலை, மதுவடிப்பாலை, பிற்காலத்தில் நெசவாலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்த தொழில்கள் அப்பகுதிக்குச் சோறு போட்டன. அங்கே 1916ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டுச் சங்கம் தோன்றியது. பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் 'க்ளென்' என்னும் சொல்லைத் தாங்கி க்ளென் ரோவர்ஸ் எனப் பெயர் பெற்றது.

தமிழ் இலக்கியம் படித்த நமக்கு இச்சங்கத்தின் வரலாற்றில் என்ன வேலை என்று வினவலாம். மாங்குடி மருதனார், கோவூர் கிழார், மதுரை மருதன் இளநாகனார் எனச் சங்கப் புலவர் பலரை நாம் ஊரோடு சேர்த்தே அறிவோம். ஊரை நீக்கினால் பெயர் குறைப்பட்டு நிற்கும். அயர்லாந்தில் மாவட்ட அணியின் பட்டியல் அச்சாகும்போது ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயரையும் அடுத்து அவருடைய சங்கத்தின் பெயர் தவறாது இடம்பெறுகிறது. அவர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும் எந்த ஊரார் என்பது சொல்லப்பட்டே ஆகவேண்டும். ஒரு மனிதன் எந்த ஊருக்கு உரியவன், அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினா நமக்குப் புதியதன்று. அவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலம் ஆடுகளத்தில் விடை தேடிய கூட்டமாகவே இச்சங்கத்தை நாம் இங்குக் காண முற்படுகிறோம்.

ஆட்டமும் அதன் அமைப்பும்

க்ளென் ரோவர்ஸ் ஆடுவது ஹர்லிங். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்று வளைந்த மட்டையால், தோலுறையிட்ட சிறு பந்தை அடித்தும் ஏந்தியும் ஓடும் ஆட்டம் இது. அணிக்குப் பதினைந்து பேர். கம்பங்கள் ஆங்கில எச் எழுத்தின் வடிவில் நிற்கும். குறுக்குச் சட்டத்தின் மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் ஒரு கோல், அது மூன்று புள்ளிகளுக்குச் சமம். எனவே முடிவுகளைக் கோல், புள்ளி எனத் தனித்தனியே எழுதுவர். 2-7 என்றால் இரண்டு கோல், ஏழு புள்ளி, ஆகமொத்தம் பதின்மூன்று.

ஆட்டம் தொன்மையானது. செட்டான்டா என்னும் சிறுவன் தன்மேல் பாய்ந்த காவல் நாயின் தொண்டைக்குள் பந்தை அடித்துச் செலுத்திக் கொன்றதும், அந்நாய்க்கு ஈடாகத் தானே காவலிருக்க ஒப்பி, கூகுலன் அதாவது 'கூலனின் நாய்' என்னும் பெயரைப் பெற்றதும் ஐரிஷ் வீரகதையில் வருகின்றன. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் உள்ளூர் வழக்கங்களில் கரைந்துவிடலாகாது என்று 1366இல் இயற்றப்பட்ட கில்கெனிச் சட்டங்கள் இவ்வாட்டத்தையும் விலக்கின. தடை செய்ய வேண்டிய அளவுக்கு ஆட்டம் அவர்களை ஈர்த்திருக்கிறது என்பதே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

1884 நவம்பர் 1ஆம் நாள் தர்ல்ஸ் என்னும் சிற்றூரின் விடுதியொன்றில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலிய ஒரு சிலர் கூடிக் கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினர். சிதைந்துகொண்டிருந்த ஹர்லிங்குக்கும் கேலிக் கால்பந்துக்கும் ஒழுங்கான விதிகளையும் நாடு தழுவிய அமைப்பையும் தந்தது அவ்வியக்கமே. அதன் கட்டுமானம் எளியது. அடியில் ஊர்ச் சங்கம், அதன்மேல் நம் மாவட்டத்தை ஒத்த கவுண்டி, அதன்மேல் மாகாணம், உச்சியில் அனைத்து அயர்லாந்துப் போட்டி. ஊர்ச் சங்கங்கள் மாவட்டப் பட்டத்துக்குத் தமக்குள் மோதும். அவற்றில் சிறந்தவர்கள் மாவட்ட அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர்.

இந்த அமைப்பில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை, இன்றும் இல்லை. எண்பத்திரண்டாயிரம் பேர் அமரும் டப்ளினின் க்ரோக் பார்க் அரங்கில் ஞாயிறு அன்று ஆடியவர், திங்களன்று தம் பள்ளிக்கோ பணிமனைக்கோ திரும்புகிறார். அவரை வேறொரு சங்கம் விலைகொடுத்து வாங்க முடியாது. பணம் என்னும் காரணம் நீக்கப்பட்டபின், ஒருவர் ஒரு சங்கத்துக்கு ஆடுவதற்கு ஊர் என்னும் காரணம் ஒன்றே பெரிதாக எஞ்சுகிறது.

தீயில் பிறந்த ஊர்ப்பெருமை

க்ளென் ரோவர்ஸ் தோன்றிய 1916, டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்த ஆண்டு. முரண்பட்ட கட்டளைகளால் கார்க் நகரின் தொண்டர்கள் அந்நாட்களில் திரண்டும் எழாமல் நின்றனர். அவர்களை வழிநடத்திய இருவர் டாமஸ் மக் கர்டனும் டெரன்ஸ் மக்ஸ்வினியும் ஆவர். எழாமல் போன அந்த வாரத்தின் கடன் நான்கு ஆண்டுகளுக்குப் பின் வசூலிக்கப்பட்டது.

இடையில் ஆட்டமே அரசியலாயிற்று. 1918இல் பொது நிகழ்ச்சிகளுக்கு அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்று அரசு ஆணையிட்டபோது, கேலிக் சங்கம் அதற்கு இணங்க மறுத்தது. ஆகஸ்டு 4, ஞாயிறன்று நாடெங்கும் ஒரே நேரத்தில் ஆட்டங்களை நடத்தி ஆணையைச் செல்லாக்காசாக்கியது. மட்டையும் பந்தும் எடுத்துக் களத்திற்குச் செல்வதே மறுப்பின் வடிவமான நாள் அது.

1920இல் கார்க்கின் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மக் கர்டன் குடியிருந்தது பிளாக்பூலின் தாமஸ் டேவிஸ் தெருவில். மார்ச் 20ஆம் நாள், அவருடைய முப்பத்தாறாம் பிறந்தநாளின் பின்னிரவில், முகத்தில் கரிபூசிய ஆட்கள் வீட்டினுள் புகுந்து மனைவி மக்கள் இருக்கையிலேயே அவரைச் சுட்டுக்கொன்றனர். விசாரணை நடத்திய நடுவர் குழு, அரசின் காவல் படையையும் பிரிட்டனின் பிரதமர் லாயிட் ஜார்ஜையுமே கொலைக்குப் பொறுப்பாளிகளாகத் தீர்ப்பளித்தது. அவருக்குப்பின் நகரத் தலைவரான மக்ஸ்வினி கைதாகி, இலண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாமலிருந்து அக்டோபர் 25இல் உயிர்துறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் அவ்வாறே உண்ணாநோன்பிருந்து மறைந்தபோது, 'இந்திய மக்ஸ்வினி' என்று நம் நாட்டார் அவரைப் போற்றியதும், மக்ஸ்வினியின் குடும்பத்தாரிடமிருந்து இரங்கல் செய்தி வந்ததும் இங்கு நினைக்கத்தக்கன. அதே 1920 டிசம்பரில் அரசுப் படையினர் கார்க் நகரின் நடுப்பகுதிக்குத் தீ வைத்தனர். நகர மன்றமும் வெந்தது.

நான்கு வயதுச் சங்கத்தின் தெருக்களில் நிகழ்ந்தவை இவை. அக்காலத்தில் பிளாக்பூலில் சிறுவர்களாக இருந்தவர்களே 1930களில் மட்டை ஏந்தி நின்ற தலைமுறை. கொல்லப்பட்ட தலைவரின் வீட்டைக் கடந்து பள்ளிக்குப் போனவர்களுக்கு ஊர்ப்பற்று என்பது வெறும் ஆட்டப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

தொடர்ந்து எட்டு ஆண்டுகள்

கார்க் மாவட்டத்தின் ஹர்லிங் வரலாறு மூன்று நகரச் சங்கங்களின் பகைமையால் நெய்யப்பட்டது. கிழக்கே லீ ஆற்றோரத்தில், மீனவர் குடியிருப்பாக விளங்கிய பிளாக்ராக், தெற்கே செயின்ட் ஃபின்பார்ஸ், வடக்கே க்ளென். முன்னிருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியவர்கள். கடைக்குட்டியான க்ளென் தன் முதல் மாவட்டப் பட்டத்தை 1934இல் வென்றது. தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்த்திரார். 1935, 1936 என்று தொடங்கி 1941 முடிய எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் பட்டம் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறவில்லை. கார்க் ஹர்லிங்கில் இன்றுவரை எவரும் எட்டாத தொடர் அது. பச்சை, கறுப்பு, பொன் நிறங்கள் கொண்ட சட்டை மற்றவர்க்கு அச்சம் தருவதாயிற்று.

அந்த அணியில் வளர்ந்த இளைஞர்களில் ஒருவர் ஜாக் லிஞ்ச். பிளாக்பூலை அடுத்த ஷாண்டன் பகுதியில் ஒரு தையற்காரரின் மகனாக 1917இல் பிறந்தவர். ஒருகாலத்தில் உலகச் சந்தைக்கே வெண்ணெய் அனுப்பிய வெண்ணெய்ச் சந்தை இருந்த இடம் ஷாண்டன். வட மடாலயப் பள்ளி எனப்பட்ட கிறித்தவச் சகோதரர் பள்ளியில் அவர் கல்வியையும் ஆட்டத்தையும் ஒருங்கே பயின்றார். 1939 செப்டம்பர் 3இல் கில்கெனிக்கு எதிரான அனைத்து அயர்லாந்து இறுதியாட்டத்தில் கார்க் அணிக்குத் தலைமை தாங்கினார். பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்த நாள் அது. இடியும் மின்னலும் மழையுமாக வானம் கலங்க, கார்க் ஒரே புள்ளியில் தோற்றது: 2-7க்கு 3-3.

அதன்பின் லிஞ்ச் பெற்றவை வியப்புக்குரியன. 1941 தொடங்கி 1944 வரை நான்கு ஆண்டுகளும் கார்க் ஹர்லிங்கில் வென்றது. 1942இல் லிஞ்சே தலைவர். 1945இல் கால்பந்தில் வென்றது. 1946இல் மீண்டும் ஹர்லிங்கில். இவை அனைத்திலும் லிஞ்ச் ஆடினார். தொடர்ந்து ஆறு ஆண்டுகளில் ஆறு பதக்கங்கள். டப்ளின் கால்பந்து அணி 2015 முதல் 2020 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றபின்னும், இரு ஆட்டங்களிலுமாக அதனைச் செய்தவர் லிஞ்ச் ஒருவரே. 1945 இறுதியாட்டத்தன்று டப்ளினில் பேருந்துக்கான நீண்ட வரிசையில் சிக்கி அரங்கத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததைப் பிற்காலத்தில் அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஊதியமில்லாத ஆட்டத்தின் நாயகர் பேருந்துக்கு நிற்பதில் புதுமை ஏதுமில்லை.

அவர் 1948இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1966இல் நாட்டின் பிரதமரானார். 1973 வரை ஒருமுறையும், 1977 முதல் 1979 வரை மறுமுறையும் அப்பதவி வகித்தார். பள்ளத்தாக்கின் பிள்ளை ஒருவர் நாட்டின் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தார் எனப் பிளாக்பூல் பெருமைகொண்டது இயல்பே. ஆயினும் க்ளென் சங்கத்தின் ஆகப்பெரிய ஆட்டக்காரர் லிஞ்ச் அல்லர். அப்பெருமை உரியவர் பிளாக்பூலில் பிறக்கவும் இல்லை.

வந்தேறியான நாயகன்

கிறிஸ்டி ரிங் 1920இல் பிறந்தது கிழக்குக் கார்க்கின் க்ளாயின் என்னும் சிற்றூரில். தொழிலால் சரக்குந்து ஓட்டுநர். பின்னாளில் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் வண்டியை ஓட்டினார். 1941இல் க்ளென் ரோவர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். ஊரே உறவு எனக் கருதும் அமைப்பில், ஒருவர் பிறந்த ஊரின் சட்டையைக் கழற்றி மற்றோர் ஊரின் சட்டையை அணிவது சிறிய செயலன்று. ஆனால் ரிங் ஒரு பருவத்துக்கு வந்துபோனவர் அல்லர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அந்தச் சட்டையிலேயே ஆடினார்.

அவர் ஆட்டத்தின் ஒரு காட்சி மட்டும் சொல்லுவோம். 1944ஆம் ஆண்டின் மாகாண இறுதியாட்டம். போர்க்காலத்தில் எரிபொருள் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் கார்கள் ஓடவில்லை. எனவே கார்க், லிமரிக் மக்கள் தர்ல்ஸ் நகருக்கு மிதிவண்டிகளில் திரண்டனர். கார்க்கிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. முதல் ஆட்டம் சமனில் முடிய, மறு ஆட்டத்துக்கும் அவ்வாறே மிதித்து வந்தனர். அதுவும் சமனில் முடியும் என்றிருந்த கடைசி நொடிகளில் ரிங் தம் பாதியிலிருந்து பந்தோடு ஓடிச்சென்று அடித்த கோல் வெற்றியைத் தந்தது. 'மிதிவண்டி ஆட்டம்' என்றே இன்றும் அதனை நினைவுகூர்கிறார்கள்.

ரிங் எட்டு அனைத்து அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்றார். 1946, 1953, 1954 என மூன்று முறை தலைவராகக் கோப்பையை ஏந்தினார். அதற்குமுன் மூன்றுமுறை ஏந்தியவர் எவருமில்லை. தலைக்கவசம் வழக்கில் இல்லாத காலம் அது. எல்லா ஆட்டக்காரருக்கும் அது கட்டாயமானது 2010இல்தான்.

1979 மார்ச் 2ஆம் நாள் கார்க் நகரத் தெருவில் நடந்துசெல்கையில் மாரடைப்பால் சரிந்து ரிங் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. இறுதி ஊர்வலத்தின் வழிநெடுகப் பல்லாயிரவர் நின்றனர். உடல் க்ளாயின் மண்ணுக்கே போயிற்று. கல்லறையருகில் இரங்கலுரை ஆற்றியவர் பழைய சக ஆட்டக்காரரும் அன்றைய பிரதமருமான ஜாக் லிஞ்ச். பிறந்த ஊர் உடலைப் பெற்றது. வியர்வையைப் பெற்ற ஊர் பெயரை வைத்துக்கொண்டது. இரண்டு ஊர்களும் அவரைத் தமதென்றே சொல்லுகின்றன; இரண்டும் பொய்யுரைக்கவில்லை.

1987இல் லீ ஆற்றின் வடகிளைமீது கட்டிய பாலத்துக்கு ரிங்கின் பெயர் இடப்பட்டது. 1999இல் அதே ஆற்றுக்கடியில் அமைந்த சுரங்கச் சாலை லிஞ்சின் பெயரைப் பெற்றது. அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. ஓட்டுநரின் பெயர் ஆற்றின் மேலும், பிரதமரின் பெயர் ஆற்றின் கீழும் அமைந்ததை எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிளாக்பூலின் கணக்கில் அந்த வரிசை சரியானதே.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

நிற்க. ஊர்ப்பற்றைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு முழுமையாகாது. 'நம்மவர்' என்று ஒரு வட்டம் வரையும்போதே வட்டத்துக்கு வெளியே சிலர் நிறுத்தப்படுகின்றனர்.

கேலிக் சங்கத்தின் உறுப்பினர் எவரும் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய 'அந்நிய ஆட்டங்களை' ஆடவோ காணவோ கூடாது என்னும் விதி 1971 வரை நடைமுறையில் இருந்தது. மீறுவோரைக் கண்டறிய ஒற்றர் குழுக்கள் கால்பந்துத் திடல்களுக்கு அனுப்பப்பட்டன. 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், தம் பதவிக் கடமையாக அயர்லாந்து - போலந்து கால்பந்து ஆட்டத்துக்குச் சென்றதற்காகச் சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஐரிஷ் மொழியை மீட்க 1893இல் கேலிக் கழகத்தைத் தோற்றுவித்தவரே அவர் என்பதை எண்ணினால், தூய்மைவாதம் தன் மூதாதையரையும் விட்டுவைப்பதில்லை என்பது விளங்கும். மொழித்தூய்மை பற்றி நெடுங்காலம் வழக்காடிய நமக்கு இது அயலான செய்தியன்று. அடிமைப்பட்ட மக்கள் தம் ஆட்டத்தைக் காக்க எழுப்பிய வேலி, அடிமைத்தனம் நீங்கி அரை நூற்றாண்டு ஆகும்வரை பிடுங்கப்படாமலே நின்றது.

இன்னொரு வேலி பெண்களுக்கானது. ஹர்லிங்கின் மகளிர் வடிவமான கமோகிக்கு 1904இலேயே அமைப்பு உண்டாயிற்று. ஆனால் ஆடவர் சங்கத்தினின்றும் தனித்து. இரண்டையும் இணைக்கும் பணி 2027ஐ இலக்காகக் கொண்டு இப்போதுதான் நடந்துவருகிறது. பாவாடை போன்ற தைப்புடைய கால்சட்டையே அணியவேண்டும் என்னும் கமோகி விதியை மாற்றி, விரும்புவோர் சாதாரண அரைக்கால்சட்டை அணியலாம் என்று ஒப்புக்கொண்டது 2025 மே மாதத்தில். க்ளென் ரோவர்ஸ் மகளிரோ 1986, 1990, 1992, 1993 என நான்கு முறை சங்கங்களுக்கான அனைத்து அயர்லாந்துக் கமோகிப் பட்டத்தைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தனர். சாண்டி ஃபிட்ஸ்கிப்பன், லிண்டா மெல்லரிக் முதலியோர் அத்தலைமுறையினர். ஆடவர் அணி சங்கங்களுக்கான அனைத்து அயர்லாந்துப் பட்டத்தை வென்றது 1973, 1977 ஆகிய இரண்டே முறை. ஆனாலும் பிளாக்பூலின் புகழைச் சொல்லத் தொடங்குவோர் ரிங்கையும் லிஞ்சையுமே முதலில் சொல்லுகின்றனர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே தொடங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆலைகள் மூடிய பின்

1976இல் க்ளென் தன் இருபத்து நான்காம் மாவட்டப் பட்டத்தை வென்றபோது, தொழில் நகரமாகிய கார்க்கின் அந்திக்காலம் நெருங்கியிருந்தது. 1983இல் டன்லப் ஆலையும் 1984இல் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையும் மூடப்பட்டன. பிளாக்பூலின் பெண்களும் ஆண்களும் தலைமுறைகளாக வேலை பார்த்த சன்பீம் நெசவாலையும் அடுத்த சில ஆண்டுகளில் ஓய்ந்தது. தோல் கூடங்களும் வடிசாலையும் அதற்கு முன்பே போய்விட்டன. ஓர் ஊரை உண்டாக்கிய தொழில்கள் எல்லாம் சென்றபின் அவ்வூரில் எஞ்சுவது என்ன? 2000த்தில் அங்கே வணிக வளாகம் ஒன்று வந்தது. ஆனால் வணிக வளாகத்துக்குப் பொருள் வாங்குவோர் வருவர். அதன் பெயரைச் சொல்லி எவரும் அழுவதில்லை.

1989இல் ஒரு பட்டம் வந்தது. அதன்பின் நெடுவறட்சி. எட்டு ஆண்டுகள் இடையறாது வென்ற சங்கம் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது. 1989இல் பிறந்த குழந்தை, ஊர் வென்றதைத் தன் கண்ணால் காணாமலே வளர்ந்து ஆளாயிற்று. ஆயினும் மாலைதோறும் சிறுவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுப்போர் கற்றுக்கொடுத்தனர். சட்டை துவைப்போர் துவைத்தனர். எவர்க்கும் கூலி இல்லை. ஒரு சங்கத்தின் உண்மையான வரலாறு வென்ற ஆண்டுகளில் இருப்பதைக் காட்டிலும் இத்தகைய ஆண்டுகளில்தான் மிகுதியும் இருக்கிறது என்பது நம் கருத்து. வென்ற ஆண்டுகளை ஏடுகள் எழுதிவைக்கும். வெல்லாத ஆண்டுகளில் வந்துகொண்டேயிருந்தவர்களால்தான் ஏட்டில் எழுத அடுத்த வரி கிடைக்கிறது.

2015இல் அந்த வரி கிடைத்தது. இருபத்தாறாம் பட்டம். மறு ஆண்டு 2016, சங்கத்தின் நூற்றாண்டு. மீண்டும் வென்று இருபத்தேழாக்கினர். பின்னர் 2019, 2020, 2021 மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை சென்று தோற்றனர்.

இவ்விரு பட்டங்களையும் வென்ற அணியின் உயிர்நாடி பாட்ரிக் ஹார்கன். 2008 முதல் கார்க் மாவட்ட அணிக்கும் ஆடியவர். ஹர்லிங் சாம்பியன்ஷிப்பின் நெடிய வரலாற்றில் மிகுதியான புள்ளிகள் குவித்தோர் வரிசையின் உச்சியில் நிற்பவர்களில் ஒருவர். 2013 அனைத்து அயர்லாந்து இறுதியாட்டத்தில் ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் மணித்துளிகள் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் அடித்த புள்ளி கார்க்கை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின் கிளேர் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஒரு புள்ளி அடித்துச் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் கார்க் தோற்றது. 2021இல் லிமரிக்கிடம் தோல்வி. 2024இல் மீண்டும் கிளேர். கூடுதல் நேரத்துக்குப் பின் ஒரே புள்ளியில். 2025இல் டிப்பரரி, பாதி ஆட்டத்தில் ஆறு புள்ளி முன்னிலை பெற்றிருந்த கார்க், பின்பாதி முழுவதிலும் இரண்டே புள்ளி எடுத்துச் சரிந்தது. அவ்வாண்டே ஹார்கன் மாவட்ட அணியினின்றும் விலகினார். ரிங் பெற்ற பதக்கங்கள் எட்டு. லிஞ்ச் பெற்றவை ஆறு. ஹார்கன் பெற்றது ஒன்றுமில்லை.

கணக்குப் பார்ப்போர் இதனை வீழ்ச்சி என்பர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பணத்துக்கு ஆடுபவர் வெற்றி கிடைக்கும் இடம் தேடிப் பெயரலாம். தொழில்முறைக் கால்பந்தில் அது குற்றமுமன்று. ஹார்கனுக்குப் பெயர்ந்து செல்ல வேறு மாவட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அவ்வெற்றி எவருடைய வெற்றியாக இருந்திருக்கும்? பதினெட்டு ஆண்டுகள் வெல்லாத அணியில் நின்று ஒருவர் தம் கலையை உச்சத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது என்பதே, ஊருக்கு ஆடுதல் என்னும் கருத்து இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று. வெற்றி பெற்றதால் ஊரார் ஆனவர் அல்லர் அவர். ஊராரானதால் தோல்வியையும் தமதாகக் கொண்டவர்.

இனி என்ன ஆகும்? மட்டைக்கு மரம் தரும் ஆஷ் மரங்களையே அழிக்கும் பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தை அடைந்தது; இப்போது மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டைகள் வருகின்றன. 2018இல் யுனெஸ்கோ ஹர்லிங்கை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல்கள் மரபைக் காப்பதில்லை. மாலையில் திடலுக்கு வருபவர்களே காக்கின்றனர். தோல் கூடம் போயிற்று, வடிசாலை போயிற்று, நெசவாலை போயிற்று. மட்டையின் மரமும் போகக்கூடும்.

க்ளாயினில் பிறந்த ஓட்டுநரைத் தன்னவராக்கிக்கொண்டபோதே பிளாக்பூல் நம் வினாவுக்கு விடை சொல்லிவிட்டது எனத் தோன்றுகிறது. ஊருரிமை பிறப்பால் வருவது போலவே, மறுநாளும் வந்து நிற்பதாலும் வருகிறது. அந்த விடையைத் தன் பெண்மக்களுக்கும் முழுமையாகச் சொல்ல அவ்வூர் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது என்பதும் வரலாற்றின் பகுதியே. அடுத்த முறை கார்க் அணியின் பட்டியல் அச்சாகும்போது, ஏதேனும் ஓர் இளைஞரின் பெயரை அடுத்து க்ளென் ரோவர்ஸ் என்னும் இரு சொற்கள் இருக்குமாயின், அங்கே ஒரு கருங்குளம் இன்னும் வற்றவில்லை என்று நாம் பொருள்கொள்ளலாம்.